கூலி பேசும் மேஜை

இன்று மாலை விளக்கேற்றும்போது, கையிலிருக்கும் தீப்பெட்டியை ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்கள். அடுப்புக்கு லைட்டர் வந்துவிட்டதென்றாலும் விளக்குக்குத் தீப்பெட்டிதானே! அதன் முதுகில் பொடி எழுத்தில் ஓர் ஊரின் பெயர் இருக்கும். அநேகமாக அது சிவகாசி. இல்லாவிட்டால் சாத்தூர், கோவில்பட்டி.

முன்பெல்லாம் சென்னைக் குடும்பங்களில் வேறோர் ஊர்த் தீப்பெட்டியும் உண்டு. நமக்கு வெகு அருகில், திருவொற்றியூரில் செய்தது. எண்ணூர்ப் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்கு 'விம்கோ நகர்' என்ற ஸ்டேஷன் தெரிந்திருக்கும். இப்போது மெட்ரோ ரயிலும் அந்தப் பெயருக்குப் போகிறது. யாரோ பெரிய மனிதரின் பெயராக்கும் என்று நான் வெகு நாள் நினைத்துக் கொண்டிருந்தேன். மனிதருமில்லை, தெய்வமுமில்லை. 'வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி' என்பதைச் சுருக்கினால் விம்கோ! 1923-இல் ஸ்வீடன் தேசத்துத் தீப்பெட்டி முதலாளிகள் இந்தியாவில் தொடங்கிய கம்பெனி. 'ஷிப்' மார்க், 'ஹோம்லைட்ஸ்' என்றால் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே விளங்கும்.

ஏறக்குறைய அதே சமயத்தில்தான் சிவகாசியிலும் இந்தத் தொழில் தொடங்கியது. அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு பேர் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் காட்டில் அது பெரிய பிழைப்பாகப் பரவியது.

ஆக, ஒரே ராஜ்யத்தில் இரண்டு தீப்பெட்டிகள். குச்சி ஒன்றுதான், மருந்து ஒன்றுதான், கடையில் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். செய்தவர் கையில் விழுந்த கூலி மட்டும் ஒன்றல்ல. திருவொற்றியூரில் யந்திரம் ஓடிற்று. ஷிப்டு உண்டு, சங்கம் உண்டு, பிராவிடண்டு பண்டு உண்டு, தீபாவளிக்கு முன்னால் போனஸ் பேச்சு உண்டு. தெற்கே பெண்களும் குழந்தைகளும் கையால் பெட்டி ஒட்டினார்கள், குச்சி அடுக்கினார்கள். இத்தனை பெட்டிக்கு இத்தனை காசு என்று எண்ணிக் கொடுக்கிற கூலி. கேட்க ஆளில்லை. அந்தக் குழந்தைகளின் நிலை சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய், 1996-இல் தீர்ப்பு வந்தது பலருக்கு ஞாபகமிருக்கும்.

முடிவு என்னவாயிற்று? சர்க்கார் கையால் செய்யும் தீப்பெட்டிக்கு வரியில் சலுகை கொடுத்தது. வேலையில்லாத சீமையில் வேலை பெருக வேண்டுமென்ற நோக்கம் அதற்கு உண்டு. அது தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் வரிச் சலுகையும் குறைந்த கூலியும் சேர்ந்தபோது, சந்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகர்ந்து விட்டது. திருவொற்றியூரில் பேசி வாங்கிய நல்ல கூலி, திருவொற்றியூர் எல்லையைத் தாண்டவில்லை. தாண்டாத காரணத்தாலேயே அதைக் காப்பாற்றுவதும் கஷ்டமாயிற்று.

இதைத்தான் இந்த வாரம் உங்களோடு பேசலாமென்று வந்தேன். ஒரே வேலைக்கு ஊருக்கு ஊர் கூலி ஏன் மாறுகிறது? தொழிலாளிகள் கூட்டாக உட்கார்ந்து பேரம் பேசினால் அந்த வித்தியாசம் குறைகிறதா, கூடுகிறதா? பொருளாதாரப் புஸ்தகங்களில் இதற்குப் பெரிய பெரிய கணக்குகள் இருக்கின்றன. அவை நமக்கு வேண்டாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு நடை போய் வந்தால் போதும்.

பேரம் உங்களுக்குப் புதிதா?

கூட்டுப் பேரம் என்றதும், 'அது ஆலை வாசலில் கொடி பிடிக்கிறவர்கள் சமாசாரம்' என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாளை எடுத்துக் கொள்ளுங்கள். அவளுக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்? அடுத்த வீட்டில் என்ன? அடையாற்றில் என்ன? தண்டையார்ப்பேட்டையில் என்ன? தேய்க்கிற பாத்திரம் எங்கும் பாத்திரந்தான். ஆனால் கூலி தெருவுக்குத் தெரு மாறுகிறது. அவள் ஒவ்வொரு வாசலிலும் தனியாக நின்று பேச வேண்டியிருப்பதுதான் காரணம். 'அந்த வீட்டில் இவ்வளவு கொடுக்கிறார்களே' என்று அவள் சொன்னால், 'அப்படியானால் அங்கேயே போயேன்' என்று நாம் சொல்லி விடுகிறோம். (நான் சொன்னதில்லை என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.)

இனி, ஒரு தெருவில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து, இவ்வளவுக்குக் குறைந்து யாரும் போவதில்லை என்று தீர்மானித்தால்? அந்தத் தெருவில் கூலி சமமாகும். அடுத்த தெருவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமோ கூடிவிடும்! பேட்டை முழுவதும் சேர்ந்தால்? பேட்டைக்குள் சமம். பட்டணம் முழுவதும் சேர்ந்தால் பட்டணத்துக்குள் சமம். ஆகவே, பேரம் பேசுகிறார்களா என்பது மட்டுமல்ல கேள்வி. பேசுகிற மேஜை எவ்வளவு நீளம்? அதுதான் கேள்வி.

இந்த வட சென்னையில் நீளமான மேஜையும் இருக்கிறது, குட்டையான மேஜையும் இருக்கிறது, மேஜையே இல்லாத இடமும் இருக்கிறது.

ஹார்பர் வேலை

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பெண் கொடுக்கிறவர்கள் ஒரு காலத்தில் மாப்பிள்ளையின் மூக்கையும் முழியையும் இரண்டாவதாகத்தான் பார்ப்பார்கள். 'ஹார்பர்லே பர்மனண்டாமே!' என்றால் அத்தோடு ஜாதகம் பொருந்தி விடும்.

அந்த வேலை ஆதியிலிருந்தே அப்படி இருந்ததில்லை. துறைமுகக் கூலி என்றால் விடியற்காலையில் வாசலில் போய் நிற்க வேண்டும். மேஸ்திரி தலையை எண்ணுவான். கப்பல் இருந்தால் வேலை. இல்லாவிட்டால் வெறுங்கையோடு வீடு. பம்பாயில் ஒரு கூலி, கல்கத்தாவில் ஒரு கூலி, சென்னையில் ஒரு கூலி. மூட்டை என்னவோ எல்லா ஊரிலும் அதே கனம்தான்.

1948-இல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. கப்பலில் ஏற்றி இறக்குகிறவர்களைப் பதிவேட்டில் எழுதி, முறை போட்டு வேலை கொடுக்க வேண்டும் என்றது சட்டம். பதிவான தொழிலாளி வந்து நின்று, கப்பல் இல்லையென்றாலும் அவனுக்கு ஒரு படி உண்டு என்ற ஏற்பாடு அதிலிருந்து வளர்ந்தது. அடுப்பெரியும் நாள், எரியாத நாள் என்று காலண்டரில் பார்த்துக் கொண்டிருந்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தாய்மார்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஆனால் சட்டம் கூலியைச் சமப்படுத்தவில்லை. அதைச் செய்தது சங்கம். இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: எஸ். சி. சி. அந்தோணிப்பிள்ளை. இலங்கைத் தமிழர், லண்டனில் படித்தவர், யுத்த காலத்தில் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து இங்கேயே தங்கி விட்டார். அவருடைய மனைவி கரோலின், சிங்களக் குடும்பத்துப் பெண். இலங்கையில் பிரசித்தி பெற்ற இடதுசாரித் தலைவர் பிலிப் குணவர்த்தனாவின் சகோதரி. கணவரோடு அவரும் இங்கே வந்து கஷ்ட நஷ்டங்களில் பங்கு கொண்டார். 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளருக்காகத் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு அந்தோணிப்பிள்ளை தலைவரானார். 1947-இல் அந்த மில்லில் நடந்த பெரிய வேலைநிறுத்தம் அவர் காலத்தது. 1957-இல் வட சென்னை மக்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள்.

துறைமுகத்தில் அவருடைய காரியம் என்னவென்றால், மேஜையை நீளமாக்கியதுதான். சென்னைத் தொழிலாளி சென்னை அதிகாரியோடு மட்டும் பேசிக் கொண்டிருந்தால், 'உன் கோரிக்கையை ஏற்றால் சரக்கு விசாகப்பட்டினத்துக்குப் போய் விடும்' என்று அதிகாரி சொல்லலாம். விசாகப்பட்டினத்துத் தொழிலாளியிடம், 'சென்னைக்குப் போய் விடும்' என்று சொல்லலாம். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்துவிட்டால்? அந்த வாதம் செல்லாது. அகில இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவராக அந்தோணிப்பிள்ளை பல காலம் இதற்கு உழைத்தார். அவர் ஒருவரே அல்ல. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கொச்சியிலும் வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த எத்தனையோ பேர். கட்சிச் சண்டை வீதியோடு. கூலிப் பேச்சு என்று வந்தால் சம்மேளனங்கள் ஒன்றாக உட்காரும் என்ற வழக்கம் மெல்ல மெல்ல உருவாயிற்று.

1958-இல் துறைமுகங்களில் வேலைநிறுத்தம். 1964-இல் மத்திய சர்க்கார் துறைமுகத் தொழிலாளருக்கென்று ஒரு சம்பளக் கமிஷன் போட்டது. 1969-இல் அது அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகு கமிஷன் வேண்டாம், நேராகவே பேசிக் கொள்வோம் என்ற கட்டம். 1984-இல் நாடெங்கும் பெரிய துறைமுகங்கள் வாரக் கணக்கில் நின்றன. நின்ற பிறகு பேச்சு. பேசிய பிறகு ஒப்பந்தம். அன்றிலிருந்து இன்றுவரை சில வருஷங்களுக்கு ஒருமுறை கல்கத்தா, பாரதீப், விசாகப்பட்டினம், சென்னை, தூத்துக்குடி, கொச்சி, மங்களூர், மர்மகோவா, பம்பாய், காண்ட்லா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம்.

கடைசியாக நடந்ததைச் சொல்கிறேன். 2024 ஆகஸ்டு 28-ஆந் தேதி முதல் வேலைநிறுத்தம் என்று நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் பம்பாயில் பேசி முடிந்தது. 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து 2026 டிசம்பர் 31 வரையில் ஐந்து வருஷத்துக்குச் சம்பளம் தீர்ந்தது. கணக்கு இப்படி: அடிப்படைச் சம்பளம், அதன் மேல் 30 சதவிகிதப் பஞ்சப்படி, இரண்டையும் கூட்டி, அந்தத் தொகைக்கு 8.5 சதவிகிதம் உயர்வு. உதாரணமாக, அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். பஞ்சப்படி 9,000. கூட்டினால் 39,000. உயர்வு 3,315. புதிய அடிப்படை 42,315. இந்த 42,315 சென்னையிலும் அதுதான், தூத்துக்குடியிலும் அதுதான், கல்கத்தாவிலும் அதுதான்.

'அதெப்படி நியாயம்? பம்பாயில் குடித்தனக் கூலி என்ன, தூத்துக்குடியில் என்ன?' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் வீட்டு வாடகைப் படி. அது ஊரின் அளவைப் பொறுத்துக் கூடும், குறையும். அதாவது, வாழ்கிற ஊருக்காக வித்தியாசம் உண்டு. செய்கிற வேலைக்காக வித்தியாசம் இல்லை. இரண்டையும் பிரித்து வைத்தது ஒரு நல்ல யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஊரைச் சாக்கிட்டு வேலையின் விலையைக் குறைப்பதற்கு அதில் இடமில்லை.

பாங்கு குமாஸ்தாக்களின் கதையும் இதுவே. 1953-இல் வந்த சாஸ்திரி தீர்ப்பு, ஜனத்தொகைப்படி ஊர்களை வகுப்புப் பிரித்து, வகுப்புக்கு ஒரு சம்பளம் என்றது. அதன் மேல் அப்பீல் போய், அப்பீலில் கிடைத்ததை 1954-இல் மத்திய சர்க்கார் மாற்றியபோது, 'இது தகாது' என்று தம் மந்திரி பதவியையே ராஜினாமா செய்தார் தொழிலாளர் மந்திரி வி. வி. கிரி. பின்னாளில் ராஷ்டிரபதியான அதே கிரிதான். பஞ்சாயத்துக்காரர் தீர்ப்பைக் காட்டிலும் இரு தரப்பும் நேராகப் பேசி முடிப்பதே மேல் என்று வாழ்நாள் முழுதும் சொன்னவர் அவர். 1966-இல் பாங்குகளில் அப்படியே நேர் ஒப்பந்தம் வந்தது. பன்னிரண்டாவது ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கையெழுத்தாயிற்று. மயிலாப்பூர்க் கிளையில் உட்காரும் பெண்ணுக்கும் மானாமதுரைக் கிளையில் உட்காரும் பெண்ணுக்கும் அடிப்படைச் சம்பளம் இப்போது ஒன்றுதான். பெண்களுக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. கல்யாணமாகிக் கணவன் ஊருக்கு மாற்றல் வாங்கிக் கொண்டு போனாலும் அடிப்படைச் சம்பளம் குறையாது.

இருபது கிலோமீட்டர் சொச்சம்

இப்போது எண்ணூருக்கு வருவோம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம். 1999-இல் அங்கே ஒரு புதிய துறைமுகத்துக்காகக் கம்பெனி பதிவு செய்தார்கள். மற்றத் துறைமுகங்களெல்லாம் அப்போது சட்டத்தால் அமைந்த டிரஸ்டுகள்; இது மட்டும் கம்பெனி. 2001 பிப்ரவரியில் பிரதம மந்திரி வாஜ்பாய் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இந்தியாவின் பன்னிரண்டாவது பெரிய துறைமுகம் என்ற அந்தஸ்தும் கிடைத்தது. 2014-இல் காமராஜர் துறைமுகம் என்று பெயரும் வந்தது. அனல் மின் நிலையத்துக்கு வேண்டிய நிலக்கரி கப்பலில் வந்து, யந்திரத்தால் அள்ளப்பட்டு, ஓடுகிற பட்டையின் மேல் ஏறி நேரே மின் நிலையத்துக்குப் போய் விடும்.

எல்லாம் சரி. பழைய துறைமுகத்தில் இருப்பதுபோலப் பதிவேட்டில் எழுதப்பட்ட தொழிலாளர் படை மட்டும் அங்கே இல்லை. கம்பெனியின் நிரந்தரச் சிப்பந்திகள் மிகச் சிலர். பாக்கி வேலையெல்லாம் அந்தந்த மேடையை எடுத்து நடத்துகிற கம்பெனிகளிடமும் காண்ட்ராக்டர்களிடமும்.

அங்கே கூலிக்கு அளவு எது? குறைந்தபட்சக் கூலி. 2024 அக்டோபரில் மத்திய சர்க்கார் அறிவித்தபடி, பெருநகர்ப் பகுதியில் ஏற்றி இறக்கும் சாதாரணத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 783 ரூபாய். சின்ன ஊரானால் அதைவிடக் குறைவு. ஏனென்றால் அந்த அறிவிப்பு ஊர்களை 'ஏ', 'பி', 'சி' என்று மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தது. பார்த்தீர்களா? பெரிய மேஜையில் முப்பது வருஷம் பேசி எந்த ஊர் வித்தியாசத்தை ஒழித்தார்களோ, அது மேஜைக்கு வெளியே அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

ராயபுரத்துத் தாய்மார்களுக்கு இன்னொரு விஷயமும் ஞாபகம் இருக்கும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் இறங்கிய நாட்களில், மாடியில் உலர்த்திய வெள்ளை வேஷ்டி சாயங்காலம் சாம்பல் நிறமாகிவிடும். வாசலில் போட்ட கோலத்தின் மேல் கரி படியும். குழந்தைகளுக்கு இருமல். கோர்ட்டுக்குப் போனார்கள், 2011-இல் ஹைகோர்ட்டு உத்தரவின் பேரில் கரியும் தாதும் எண்ணூருக்குப் போயின. ராயபுரம் மூச்சு விட்டது. ஆனால் கரியோடு அந்தக் கரியைக் கையாளுகிற வேலையும் போயிற்று. வேலை போனபோது, அதற்குப் பேசி வைத்திருந்த கூலி கூடவே போகவில்லை. அது பழைய துறைமுகத்தின் வேலிக்குள்ளேயே நின்று விட்டது. (கரித்தூள் எண்ணூர்க்காரர்கள் தலையில் விழுந்த கதை வேறு, அதற்கு இன்னொரு வாரம் வேண்டும்.)

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். தகப்பனார் துறைமுகத்தில் பர்மனண்டாக இருந்து ரிடையரானவர். மாசம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. பிள்ளை எண்ணூரில் காண்ட்ராக்டில் போகிறான். தகப்பனார் வேலை செய்த நாளில் தூத்துக்குடித் தொழிலாளிக்கும் அவருக்கும் ஒரே சம்பளம். நடுவே அறுநூறு கிலோமீட்டர். இன்று ஒரே கூரையின் கீழ் அப்பாவின் வாழ்க்கைக்கும் பிள்ளையின் வாழ்க்கைக்கும் எட்டாத தூரம். பிள்ளைக்குப் பெண் தேடும் அம்மாவுக்கு இந்த தூரம் துல்லியமாகத் தெரியும்.

கணக்கிலும் இதைக் காணலாம். 2018 ஆகஸ்டில் துறைமுக ஒப்பந்தம் கையெழுத்தானபோது அதனால் பயனடைந்தவர்கள் சுமார் 32,000 தொழிலாளர். பென்ஷன்காரர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். 2024-இல் வேலையிலிருப்பவர்கள் சுமார் 20,000 ஆகிவிட்டார்கள். மேஜை நீளமாகத்தான் இருக்கிறது. நாற்காலிகள்தான் காலியாகிக் கொண்டு வருகின்றன. 2020-இல் மத்திய சர்க்கார் எண்ணூர்த் துறைமுகத்தில் தனக்கிருந்த பங்குகளைச் சென்னைத் துறைமுகத்துக்கே விற்று விட்டது. இப்போது இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே. சொந்தம் ஒன்றானால் கூலி ஒன்றாகுமா? அது தானாக ஆவதில்லை.

குட்டை மேஜை

எண்ணூர் என்றால் லாரிக் கம்பெனியைச் சொல்லாமல் விட்டால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக் கொள்வார்கள். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து, சில வருஷங்களில் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி, எண்ணூரில்தான் பிறந்தது. நம் பஸ்களில் பாதிக்கு அதுதான் தாய்வீடு. 1980-இல் ஓசூரிலும், 1982-இல் மகாராஷ்டிரத்துப் பண்டாராவிலும் ராஜஸ்தானத்து ஆல்வாரிலும், 2010-இல் உத்தராகண்டத்துப் பந்த்நகரிலும் தொழிற்சாலைகள் முளைத்தன.

இங்கே ஒப்பந்தம் ஆலைக்கு ஆலை தனித்தனி. எண்ணூர்த் தொழிலாளி தன் ஆலையில் நன்றாகப் பேசி வாங்கலாம். பழைய ஆலை, பழகிய சங்கம், கை தேர்ந்த ஆட்கள். அதன் பலன் ஓசூருக்கோ பந்த்நகருக்கோ தானாகப் போய்ச் சேராது. மோட்டார்த் தொழிலில் அநேகக் கம்பெனிகளில் இதுதான் முறை. எந்த முதலாளியானாலும், ஓர் ஊரில் கூலி ஏறினால் அடுத்த விஸ்தரிப்பை எந்த ஊரில் வைப்பது என்று யோசிப்பான். அது அவன் குற்றமல்ல, கணக்கு. அந்தந்த ஆலைக்குள் கூலி வித்தியாசம் குறைகிறது. ஊருக்கு ஊர் வித்தியாசம் நிற்கிறது, சில சமயம் வளருகிறது. தீப்பெட்டிக் கதையேதான், உருக்கில் வார்த்தது.

'அப்படியானால் தேசம் முழுவதற்கும் ஒரே கூலி என்று எல்லாத் தொழிலிலும் எழுதி விட்டால் தீர்ந்தது' என்று சொல்லிவிட முடியுமா? இத்தாலி தேசத்தில் செய்து பார்த்தார்கள். மகா யுத்தம் முடிந்த பிறகு அந்தத் தேசத்தை, வாழ்க்கைச் செலவை வைத்து மண்டலம் மண்டலமாகப் பிரித்துக் கூலி நிர்ணயித்திருந்தார்கள். 1954-இல் பதினான்கு மண்டலம், 1961-இல் ஏழு. ஜனங்கள் அவற்றுக்கு வைத்த பெயர் 'கூலிக் கூண்டுகள்'. தெற்கே நேபிள்ஸில் ஒருவன் வடக்கே மிலான்காரன் செய்யும் அதே வேலையைச் செய்து குறைவாக வாங்கினான். 1969-இல் சங்கங்கள் போராடிக் கூண்டுகளை உடைத்தன. தெற்கத்தித் தொழிலாளிக்கு மானம் கிடைத்தது. ஆனால் தெற்கே புதிய ஆலைகள் வருவதற்கு இருந்த ஒரு காரணமும் போயிற்று என்று சில நிபுணர்கள் இன்றுவரை சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். இல்லை, தெற்கு ஏழையாக இருந்ததற்குக் காரணம் வேறு என்று மற்றவர்கள். விவாதம் முடிந்தபாடில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சரக்கு கூலி குறைந்த இடத்துக்கு ஓடிவிடும் என்பது பாதி உண்மை. தூத்துக்குடியில் சென்னைச் சம்பளம் கொடுத்தார்கள். அதனால் தூத்துக்குடிக்குக் கப்பல் வராமல் போய்விடவில்லை. துறைமுகத்தைத் தூக்கிக் கொண்டு ஓட முடியாது. தீப்பெட்டி ஆலையைத் தூக்கிக் கொண்டு ஓடலாம். எந்தத் தொழில் ஓடக்கூடியதோ அந்தத் தொழிலில் சங்கம் நாலு சுவருக்குள் மட்டும் ஜயித்தால் அந்த ஜயம் நிலைக்காது. மேஜை தொழிலோடு கூடவே ஓட வேண்டும்.

மேஜையில் யார்?

இன்னொன்று உண்டு. மேஜை நீளமாக இருந்தால் மட்டும் போதாது. அதில் யார் உட்காருகிறார்கள்?

எண்ணூரை விட்டு மலைக்கு ஏற வேண்டும், பரவாயில்லையே? கேரளத்தில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அங்கே தோட்டக் கூலி ராஜ்யம் முழுவதற்குமாகப் பேசப்படுகிறது: முதலாளிகள், சங்கத் தலைவர்கள், சர்க்கார் மூவரும் சேர்ந்த குழுவில். மேஜை நீளந்தான். ஆனால் கொழுந்து பறிக்கிற கை ஒன்றுகூட அதில் இல்லை. 2015 செப்டம்பரில் அந்தப் பெண்கள் முதலாளியோடு மட்டுமல்ல, தங்கள் சங்கத் தலைவர்களோடும் கோபித்துக் கொண்டு வீதியில் வந்து உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று தாங்களே ஒரு பெயர் வைத்துக் கொண்டார்கள். அன்று நாட்கூலி 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500. போனஸ் 20 சதவிகிதம் கிடைத்தது. கூலி 301 ஆயிற்று. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே இன்னும் 199 ரூபாய் பாக்கி. ஆனால் இந்தப் பக்கத்து மலைச் சரிவில், வால்பாறையிலும் நீலகிரியிலும் அதே கொழுந்தைப் பறிக்கிற பெண்களுக்கு மூணாற்று உயர்வு வரவில்லை. மேகம் எல்லை பார்ப்பதில்லை, மழை எல்லை பார்ப்பதில்லை. கூலி மட்டும் செக்போஸ்டில் நின்று விட்டது.

துறைமுகத்து ஒப்பந்தம் 2026 டிசம்பர் 31-ஆந் தேதி வரைக்குந்தான். அதற்கு அப்புறம் மறுபடியும் கோரிக்கைப் பட்டியல், மறுபடியும் பம்பாய், டில்லிப் பிரயாணம், மறுபடியும் நள்ளிரவு வரை பேச்சு. சம்மேளனங்கள் பட்டியல் தயாரிக்கும். காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் அதில் ஒரு வரி சேர்ப்பார்களா, எண்ணூர்ப் பிள்ளைக்கு ஒரு நாற்காலி போடுவார்களா என்று ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் சில வீடுகளில் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெயினர் லாரிகள் வரிசையாக நிற்கும் நேரத்தில், ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். எல்லார் சட்டையிலும் ஒரே எண்ணெய்க் கறை. ஒருவர் இடுப்பில் கம்பெனி அடையாள அட்டை தொங்கும். பக்கத்தில் நிற்பவரிடம் காண்ட்ராக்டர் கொடுத்த கேட் பாஸ் மட்டும் இருக்கும். பஸ் வந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக ஏறி, ஒரே கட்டணத்துக்கு டிக்கெட் வாங்குகிறார்கள்.